வலது கன்னம்

தனுஷ்கோடி, தகப்பன் பெயர் சங்கரபாண்டியன், வயது நாற்பத்தாறு, டைல்ஸ் கடை. இன்ஸ்பெக்டர் எழுதின கடிதத்தில் மூன்றாவது வரி. உலகத்தில் ஒரே ஒரு தனுஷ்கோடியா இருக்கிறான், இது வேறு யாராவதாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் என்னை நானே சமாதானம் செய்து பார்த்தேன். தகப்பன் பேரும் டைல்ஸ் கடையும் தெருப் பேரும் வரிசையாக வந்து நின்ற பிறகு என்ன சமாதானம் வேண்டிக்கிடக்கிறது. அவனேதான். எங்கள் அக்கா செண்பகத்தின் கழுத்தில் தாலி கட்டி, ஒன்றரை வருஷம் வைத்து அடித்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டில் விடுதலையாகிச் சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போனவன். இப்போது இரண்டாவது பெண்டாட்டியை அடித்துவிட்டு மறுபடியும் எதிரிக் கூண்டுக்கு வந்திருக்கிறான். வா ராசா, வா. இந்தத் தடய அறிவியல் ஆய்வகத்தின் படப்பிரிவில் உட்கார்ந்து எட்டு வருஷமாகிறது. வருகிற ஒவ்வொரு கவரைப் பிரிக்கும்போதும் என்ன வழக்கு, எந்த ஸ்டேஷன் என்று பார்ப்பதற்கு முன்னால் எதிரி பெயரைத்தான் படிப்பேன். பக்கத்து மேஜைக்காரர்கள் அதை என் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். திருடன் வந்தான், லாரி டிரைவர் வந்தான், சங்கிலி அறுத்தவன் வந்தான், இவன் மட்டும் வரவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஜெபக்கனி என்கிற பெண் போலீஸ், ஒரு கையில் முறுக்குப் பொட்டலமும் இன்னொரு கையில் இவனுமாக வந்து, மேஜையில் வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கவருக்குள் ஒரு பென் டிரைவ், அதற்குள் ஒரே ஒரு படம். முத்துப்பேச்சி என்கிற முப்பது வயதுப் பெண்ணின் முகம். அவளுடைய வலது கன்னத்தில் காயம் உள்ளதா, இருந்தால் தெளிவுபடுத்தித் தரவும். அவ்வளவுதான் கேள்வி.

படம் என்றால் படமா அது. பக்கத்து வீட்டுக்காரி தன் செல்போனில், பொழுது சாய்கிற நேரம், அடுப்படி டியூப் லைட்டுக்குக் கீழே நிற்கவைத்து எடுத்திருக்கிறாள். கை ஆடியிருக்கிறது. முத்துப்பேச்சி நல்ல கறுப்பு, எங்கள் அக்காவைப் போல, என்னைப் போல. முகம் முழுக்க இருட்டாக, கண் வெள்ளை மட்டும் பளிச்சென்று என்னையே பார்க்கிறது. போதாக்குறைக்கு அந்தப் படம் வாட்ஸ்அப்பில் அவள் அண்ணனுக்குப் போய், அண்ணன் வக்கீலுக்கு அனுப்பி, வக்கீல் ஸ்டேஷனுக்கு அனுப்பி, கை மாற மாறத் தேய்ந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் வேலைக்கு என்று ஒரு முறை உண்டு. வந்த படத்தைத் தொடவே கூடாது, நகல் எடுத்து நகலில்தான் வேலை. எதைச் செய்தாலும் முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், ஒரு இடத்தை மட்டும் தொடக்கூடாது. வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றினோம், எவ்வளவு இறக்கினோம் என்று ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுத வேண்டும். நாளைக்கு வேறொருத்தர் அந்த நோட்டைப் பார்த்து அதே படிகளைச் செய்தால் அச்சு அசல் அதே படம் வர வேண்டும். நகல் எடுத்தேன். எழுதினேன். ஒரு படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு இருக்கும். ரத்தம் கட்டின இடம் பச்சை அடுக்கில் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். மற்ற இரண்டையும் அணைத்துவிட்டுப் பச்சையை மட்டும் நிறுத்தினேன். முகம் கறுப்பு வெள்ளையாக மாறியது. வலது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில் ஒரு கறை. கறைக்குள் இரண்டு சின்னக் கோடுகள் ஒன்றோடு ஒன்று வந்து முட்டி, ஒரு மூலை. சதுரத்தின் மூலை. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

அந்த மூலையை எனக்குத் தெரியும். எங்கள் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் அது. நகைக்கடைக்கு அப்பாவோடு போனது நான்தான். அப்பா வட்ட முகப்பு மோதிரத்தைக் கையில் எடுத்தார், நான்தான் அதெல்லாம் பழைய காலத்து டிசைன் அப்பா, சதுரம் எடுங்கள், நடுவில் சிவப்புக் கல் வைத்தது என்று சொன்னேன். எனக்கு அப்போது இருபது வயது, அத்தான் கைக்கு எடுப்பாக இருக்கும் என்று வேறு சொல்லிவைத்தேன். வாயில் மண்ணை அள்ளிப் போட. இடது கைக்காரன் அவன். சாப்பிடுவது மட்டும் வலது கையால், பேனா பிடிப்பது, கதவை அறைவது, பெண்டாட்டியை அடிப்பது எல்லாம் இடது. மோதிரமும் இடது கையில்தான் கிடக்கும். எதிரே நிற்கிறவளுக்கு அது வலது கன்னத்தில் வந்து விழும். அக்காவுக்கும் அங்கேதான் விழுந்தது, காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில். விவாகரத்தும் முடிந்து இத்தனை வருஷமாகியும் எங்கள் அப்பா போட்ட மோதிரத்தைக் கழற்றாமல் அதாலேயே இன்னொருத்தியை அடித்திருக்கிறான். அப்பா செத்துப்போய்விட்டார், நல்லவேளை. திரையை மறுபடியும் பார்த்தேன். மூலை இருந்தது. கொஞ்சம் பெரிதாக்கினேன், மூலை இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன், அப்போதுதான் பக்கத்திலும் ஒரு மூலை தெரிந்தது, மூக்கின் மேல் ஒன்று, நெற்றியில் ஒன்று, பின்னால் இருக்கிற சுவரில் பத்துப் பதினைந்து. சனியன். செல்போன் படத்தை அனுப்பும்போது அது குட்டிக் குட்டிச் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்கும். திரும்பத் திரும்ப அனுப்பின படத்தில் அந்தச் சதுரங்களின் ஓரம் கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். செல்போன் படத்தில் சதுரமாக எது தெரிந்தாலும் நம்பாதே என்பதுதான் இந்த அறையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆக, அது மோதிரமாகவும் இருக்கலாம், வாட்ஸ்அப்பாகவும் இருக்கலாம். மோதிரத்தைத் தெரிந்தவளுக்கு மோதிரம். தெரியாதவருக்கு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று நான் எழுதினால் என்ன ஆகும் என்பதை ஜெபக்கனி வந்த உடனேயே சொல்லிவிட்டாள். முத்துப்பேச்சி நாலு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், வீட்டில் பூட்டி வைத்திருந்தார்களாம். டாக்டர் லேசான வீக்கம் என்று மட்டும் எழுதிவிட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று அவன் சொல்கிறான். இந்தப் படம்தான் எல்லாம். திங்கட்கிழமை வாய்தா. கோர்ட்டே அவசரம் என்று எழுதினதால்தான் கையோடு ரிப்போர்ட் வாங்க இவளை அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். "இதுவும் ஒண்ணும் தெரியலைன்னு வந்துட்டா, திரும்ப அவன் வீட்டுலயே கொண்டுபோய்ச் சேத்துருவாக மேடம். அவ அம்மாவே பையை எடுத்துக் கையில குடுத்து, போயிட்டு வா தாயின்னு அனுப்பி வச்சிருவா," என்றாள். முறுக்கை ஒடித்து எனக்கும் நீட்டினாள். எனக்கு வேண்டாம் என்றேன். எதிரியை எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் வழக்கு என்றால் எழுதிக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. எங்கள் துணை இயக்குநர் பரிமளா மேடத்தின் அறை இங்கிருந்து பத்து எட்டு தூரம். எழுந்து போய்ச் சொன்னால் கவர் வேறொருத்தர் மேஜைக்குப் போகும். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, கருத்துக் கூற இயலவில்லை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். எழுந்து போக மாட்டேன். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது டீ குடிக்கிறவர் கையில் கொடுப்பதற்கா. இவன் கையில் விலங்கு மாட்டுகிற நாளில் அந்த மோதிரத்துக்கு மேலே இரும்பு போய் உரசுகிற சத்தத்தை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், ரயிலில் வரும்போது, குளிக்கும்போது, அக்கா எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது. அவன் குனிந்து நிற்பான். நான் நிமிர்ந்து நிற்பேன். என் பெயரை வாசிப்பார்கள், ஆய்வாளர் சுடலைவடிவு என்று. அப்போதுதான் அவனுக்கு உறைக்கும், அட, இது நம்ம கொழுந்தியா இல்லையா என்று.

வெளிச்சத்தைக் கூட்டினேன். நாற்பது வரைக்கும் பெரிய மாற்றம் இல்லை. ஐம்பத்தைந்தில் மூலை இன்னும் எடுப்பாக எழுந்து வந்தது. எழுபதில் மூலையோடு சுவரில் இருந்த சதுரங்களும் சேர்ந்து எழுந்து வந்து என்னைப் பார்த்து இளித்தன. முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி செய்தால் இதுதான் கதி, பொய்யும் மெய்யும் ஒன்றாக எழுந்து வரும். சுவரை விட்டுவிட்டு, அந்தக் கன்னத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கினால் போதும். ஒரு விரற்கடை இடம். பிரஷ்ஷை எடுத்து, இருபது சதவீதத்தில் வைத்து, இரண்டே இரண்டு தடவு. நோட்டில் எழுத வேண்டாம். யாருக்குத் தெரியப்போகிறது. இந்த மென்பொருளிலும் பிரஷ் இருக்கிறது, இடது பக்கம் மேலே இருந்து ஏழாவது. எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. இந்த அறையில் யாரும் தொட மாட்டார்கள், அது அங்கே சும்மா கிடக்கும். இப்போது அம்புக்குறி அதன் மேல் நிற்கிறது. நான் கொண்டுபோய் நிறுத்தினதாக ஞாபகம் இல்லை. கை தானாகப் போயிருக்கிறது, கைப்பழக்கம். கைப்பழக்கம், நல்ல வார்த்தை. பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் நான் கோவில்பட்டியில் ஐயாத்துரை அண்ணாச்சி ஸ்டுடியோவில் டச்சப் போடுகிறவள். பி.எஸ்சி இயற்பியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அங்கே போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி படம் எடுப்பார், பிரிண்டுக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு முகமும் என் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கறுப்பை மாநிறமாக்கு, மாநிறத்தைச் சிவப்பாக்கு, பரு எடு, மரு எடு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எடு. யாரும் கேட்கவே வேண்டாம், அது காசோடு சேர்ந்தது. பெண் பார்க்க அனுப்புகிற படம், சடங்குப் படம், செத்தவர் படத்தை மாலை போட்டு மாட்டுவதற்குப் பெரிதாக்குகிற படம், எல்லாவற்றுக்கும் டச்சப் உண்டு. எங்கள் ஊரில் யாரும் தன் சொந்த நிறத்தில் சுவரில் தொங்கியதில்லை. ஒரு நாளைக்கு எழுபது எண்பது முகம் பார்ப்பேன், அந்தக் கை எங்கே கறுப்பைக் கண்டாலும் தானாகப் போய்த் துடைத்துவிடும். அப்படி ஒரு நாள் மத்தியானம் ஒரு ஏட்டையா அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார், கேஸுக்குக் காயத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் கிறுக்கின இரண்டு வரியை யாராலும் படிக்க முடியவில்லை, படம்தான் சாட்சி என்றார். அண்ணாச்சி மூன்று படம் எடுத்து, கேமராவில் இருந்தபடியே சிடியில் ஏற்றி, அட்டையில் தேதி எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு சடங்கு வீட்டுக்கு ஓடிவிட்டார். சாயங்காலம் ஏட்டையா வந்து பிரிண்டை வாங்கிப் போவதாகப் பேச்சு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பின படம் எடுத்தபோது உட்கார்ந்த அதே ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வலது கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. எழுந்து போகும்போது சேலைத் தலைப்பால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "முகம் ரொம்ப அசிங்கமா இருக்காட்டி?" என்று கேட்டாள். இல்லக்கா என்றேன்.

அதற்குப் பிறகு கோர்ட்டில் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவன் சிரிப்புதான். மாஜிஸ்திரேட் படத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். இதில் காயம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கள் தரப்பு வக்கீல் திக்கித் திணறி, கறுத்த தோல் ஐயா, அடி அவ்வளவாகத் தெரியாது என்றார். கோர்ட்டில் ஒரு சிரிப்பு அலை. அவனும் சிரித்தான். இடது கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான், சிவப்புக் கல் மின்னியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என் தோலு லட்சணம் அப்படி, அடிச்சாக்கூட எடுத்துக் காட்டாது என்றாள். அதையே பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆதாருக்கு எடுத்ததுதான் கடைசிப் படம். கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள், அங்கே ஆயுத பூஜைக்குக் கூட்டாக நின்று படம் எடுக்கும்போது இவள் மட்டும் டீத்தூள் வாங்கப் போய்விடுவாள். எனக்கு எதுக்குட்டி போட்டோ, கறுப்புல என்ன தெரியப் போகுது என்பாள். அவள் அதைச் சொல்லும்போது நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். தீர்ப்பு வந்த மறுநாள் ஐயாத்துரை அண்ணாச்சி மட்டும்தான் விஷயத்தைப் பிடித்தார். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அந்த சிடியை என் மேஜையில் வைத்தார். "போலீஸ் போட்டோவுக்குப் போய் டச்சப் போட்டியா, நீ மனுசிதானா?" என்றார். சிடி என் கடையில் இருக்க வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடு என்று மட்டும் சொன்னார். நான் கைப்பழக்கம் அண்ணாச்சி என்றேன்.

கைப்பழக்கமா, கைப்பழக்கம்தானா அது. மற்ற நாளில் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு எதையாவது நினைக்கப் போய்விடுவேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டதா, பால் வாங்கினோமா என்று. இன்றைக்கு முத்துப்பேச்சி கண்ணை விரித்துக்கொண்டு எதிரே நிற்கிறாள், எங்கே போவது. சரி, சொல்கிறேன். முதலில் கை தானாகத்தான் போனது, அது நிஜம். நெற்றியை வெளுத்தேன், மூக்கை வெளுத்தேன். கன்னத்துக்கு வந்ததும் கை நின்றது. அந்த நீலத்தைப் பார்த்தேன். மோதிரத்தின் மூலை நன்றாகப் பதிந்து கிடந்ததைப் பார்த்தேன். இது கேஸுக்கான படம், தொடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. செய்ததை எல்லாம் அழித்துப் பழையபடி கொண்டுவந்தேன். கொண்டுவந்து பார்த்தால் எங்கள் அக்கா அங்கே தெருவில் அடிபட்டுக் கிடக்கிறவளைப் போல இருந்தாள். இந்த முகத்தைக் கோர்ட்டில் குமாஸ்தாவும் டவாலி கட்டின சேவகனும் அவன் அம்மாவும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். அசிங்கமா இருக்காட்டி என்று கேட்டாளே. கொஞ்சம் குறைத்தால் போதும், அடி தெரிய வேண்டும், ஆனால் அலங்கோலமாக இருக்க வேண்டாம் என்று மறுபடியும் பிரஷ்ஷை எடுத்தேன். மூலையைத் துடைத்தேன். வீக்கத்துக்கு மேலே லேசாக ஒரு தடவு தடவினேன். கொஞ்சம் விட்டுத்தான் வைத்தேன். திரையில் அது தெரிந்தது, பிரிண்டில் அதுவும் போய்விட்டது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோதே எனக்குத் தெரியும். மறுபடி போடலாம் என்று நினைத்தேன், ஏட்டையா வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார், கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பிறகாவது சொல்லியிருக்கலாம். சிடியைக் கொண்டுபோய் வக்கீலிடம் கொடுத்திருந்தால் மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் அக்கா முகத்தைப் பார்க்கப் பயம், அப்புறம் இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன், கோர்ட்டுப் படத்தைத் திருத்தினவளுக்கு எந்த ஆய்வகத்தில் வேலை கொடுப்பான். அவனைப் பழிவாங்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் சிரித்தது நான் திருத்திக் கொடுத்த படத்தைப் பார்த்துத்தான்.

ஜெபக்கனி கதவிடுக்கில் தலையை நீட்டி, ஆச்சா மேடம் என்று கேட்டுவிட்டுப் போனாள். மணி பன்னிரண்டே கால். அம்புக்குறி இன்னும் பிரஷ்ஷின் மேலேயே நின்றது. அன்றைக்கு அடித்த அடியை இல்லாமல் ஆக்கினேன், இன்றைக்கு இதை இருக்கும்படி ஆக்கினால் சரிக்குச் சரி என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தடவினால் அவன் உள்ளே போவான். போவானா. அவன் வக்கீல் சும்மாவா இருப்பான். நோட்டை வாங்கி வேறொரு ஆளை வைத்து அதே படிகளைச் செய்து பார்ப்பான். வேறு படம் வரும். அப்புறம் அந்த ஆய்வாளர் யார் என்று தோண்டுவான், எதிரியின் முதல் பெண்டாட்டிக்குத் தங்கச்சி என்று எழுந்து நின்று சொல்வான். கோர்ட்டில் மறுபடி ஒரு சிரிப்பு. இடது கையால் வாயை மூடிக்கொள்வான். முத்துப்பேச்சியின் கையில் அவள் அம்மா பையைக் கொடுப்பாள். இரண்டு பெண்டாட்டியிடமிருந்தும் அவனைக் காப்பாற்றிவிட்டவள் நானாக இருப்பேன். இதை நினைத்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி அடித்திருப்பேன். அவனை இந்தத் தடவை தப்ப விடமாட்டேன், என் கையாலேயே தப்ப விடமாட்டேன். பிரஷ்ஷை விட்டு அம்புக்குறியை நகர்த்தினேன். செய்த படிகளை எல்லாம் நோட்டில் எழுதினேன், எழுபது வரைக்கும் ஏற்றினதையும் எழுதினேன். கீழே, இது பல தடவை அனுப்பப்பட்ட நகல், இதில் தெரியும் அடையாளம் காயமா அல்லது படம் சுருங்கியதால் வந்த கோடா என்று கூற இயலாது, படம் எடுத்த செல்போனையே அனுப்பினால் பார்க்கலாம் என்று எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரி செல்போனில் முதல் படம் அப்படியே இருக்கும், தேயாமல். இருந்தால் மூலை இருக்கும். எங்கள் அப்பா மோதிரத்தை எனக்குத் தெரியும்.

தனித்தாளில் மேடத்துக்கு எழுதினேன். எதிரி என் அக்காவின் முன்னாள் கணவர், ஆகவே இதை வேறு ஆய்வாளருக்கு மாற்றவும். இது ஒரு வரி. அடுத்த வரி வர நேரமாயிற்று. எதிரி மீதான முந்தைய வழக்கில் என் அக்காவின் முகத்தில் இருந்த காயத்தை, படத்தில் அழித்தவள் நான், திருத்தாத படம் என்னிடம் உள்ளது, வாக்குமூலம் தரத் தயார். கையெழுத்துப் போட்டேன். பத்து எட்டு நடந்தேன். பரிமளா மேடம் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். கவரைப் பிரித்ததுமே வந்திருக்க வேண்டாமா என்று கேட்டார், வேலைக்கே உலை வைத்துக்கொள்கிறாய், தெரிகிறதா என்றும் கேட்டார். தெரிகிறது என்றேன். பழைய தீர்ப்பை இனி மாற்ற முடியாது, இந்த வழக்கில் அந்தப் படத்தைக் கோர்ட் ஏற்றாலும் ஏற்கும், தூக்கி எறிந்தாலும் எறியும் என்றார். எறிந்தால் எறியட்டும், சிவப்புக் கல் வைத்த சதுர மோதிரம் என்று நான் கூண்டில் ஏறி நின்று சொல்வேன், எல்லாரும் அவன் இடது கையைத் திரும்பிப் பார்ப்பார்கள், அது போதும் எனக்கு என்றேன். மேடம் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். நோட்டில் நான் எழுதினதை எங்கள் பிரிவில் இன்னொரு ஆய்வாளரான வேதமாணிக்கம் சாரை வைத்து ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்கச் சொன்னார். அதே படம் வந்தது. அவர் கையெழுத்தில் ரிப்போர்ட் தயாரானது. வெளியே வந்து ஜெபக்கனியிடம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரி செல்போனைத் திங்கட்கிழமைக்குள் கைப்பற்றச் சொல்லுங்கள், அழித்துவிடப் போகிறாள் என்றேன். அது தன் பொறுப்பு என்றாள். திங்கட்கிழமை நானும் வருகிறேன், ஒரு சிடியோடு வருகிறேன், உங்கள் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவையுங்கள் என்றேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன். கவருக்குள் பென் டிரைவையும் ரிப்போர்ட்டையும் போட்டு ஒட்டினேன். அரக்கு வைத்து சீல் போடுவது ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன்னால் செல்போனை எடுத்தேன்.

கம்பெனியில் இது சாப்பாட்டு நேரம். அக்கா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், என்னட்டி இந்நேரம், மேலுக்குச் சுகமில்லையா என்றாள். பின்னால் பெண்கள் சிரித்துப் பேசுகிற சத்தம். நான் எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

"அக்கா, அன்னிக்கு உன் கன்னத்துல இருந்த அடி படத்துல தெரிஞ்சுச்சு. நல்லாத் தெரிஞ்சுச்சு. நான்தான் அழிச்சேன்."

சிரிப்புச் சத்தம் தூரப் போனது, அவள் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு லாரி ஹாரன் கேட்டது. நான் மற்றதையும் சொன்னேன். பிரிண்ட் வெளுத்ததை, அண்ணாச்சி சிடி கொடுத்ததை, இன்றைக்கு வந்த படத்தை, முத்துப்பேச்சியை.  திட்டுவாள் என்று செல்போனைக் காதோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு மட்டும் வந்து போனது.

"நெசமாவே தெரிஞ்சுச்சா? என் தோலுல?"

"மோதிரத்து மூலை வரைக்கும் தெரிஞ்சுச்சுக்கா."

"அந்தப் படம் எங்க இருக்கு?"

நம்ம பீரோவில்தான், உன் கல்யாணச் சேலைக்கு அடியில் என்றேன். அந்தச் சேலையை அவள் இத்தனை வருஷமாகத் தொட மாட்டாள் என்று தெரிந்துதான் அங்கே வைத்தேன். அதையும் சொன்னேன்.  அழுகிறாளா என்று உற்றுக் கேட்டேன், அழவில்லை.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்கு நானும் வாரேன். முதல்ல அவனைப் பாத்துட்டு வந்துருதேன். உன்னைய என்ன செய்யணுங்கிறத அதுக்கு அப்புறம் பாத்துக்கிடுதேன்."

போனை வைத்துவிட்டாள். வெளியே ஜெபக்கனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தாள். இதோ ஆயிற்று என்று சொல்லிவிட்டு, அரக்கை உருக்குவதற்காக மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்தேன்.